எல்லையில் ஒரு சந்தை: வெல்ஷ்பூல் நகரமும் அதன் செங்கோட்டையும்

சென்ற வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சந்தை நகரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது முதுகலை மாணவர் ஒருவர் கேட்டார்: "பிரிட்டனின் வரலாற்றை இலண்டனை வைத்தும் மான்செஸ்டரை வைத்தும் படித்திருக்கிறோம். அங்குள்ள ஒரு சிற்றூரின் வரலாறு நமக்கு எதற்கு?" அன்று அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். மீதி விடையை இங்கே எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

எடுத்துக்கொண்ட ஊர் வெல்ஷ்பூல். வேல்ஸின் நடுப்பகுதியில், செவெர்ன் ஆற்றின் கரையோரம், இங்கிலாந்தின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 4 மைல் தொலைவில் உள்ளது. மக்கள்தொகை சுமார் 6,000. நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம். ஆயினும் 13ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை அங்கே சந்தை கூடிவருகிறது. யார் எங்கே விற்கலாம், யாருக்கு வாரிசுரிமை உண்டு, எந்த மொழியில் நீதி கேட்கலாம் என்ற வினாக்கள் அவ்வூரில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளன. ஒரு கட்டத்தில் அவ்வினாக்களின் இழை சென்னை வரை நீண்டு, கயத்தாறையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் தொட்டுத் திரும்புகிறது.

1. பெயரும் நிலமும்

வெல்ஷ் மொழியில் இவ்வூரின் பெயர் ட்ரல்லுங். சதுப்பு நிலம், கால் புதையும் ஈரநிலம் என்று பொருள் கொள்வர். ஆங்கிலேயர் இதனை வெறுமனே 'பூல்', அதாவது குளம், என்றே வழங்கினர். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் அதே பெயரில் ஒரு துறைமுகம் இருந்தமையால், குழப்பம் நீங்குவதற்காக 1835இல் இவ்வூர் 'வெல்ஷ்பூல்' ஆயிற்று. ஊரின் இன்றைய பெயரே வெளியிலிருந்து பார்ப்பவர் வைத்த பெயர் என்பதை மனத்தில் கொள்க. தன் ஊரைத் தானே 'வெல்ஷ் குளம்' என்று ஒரு வேல்ஸ்காரர் அழைக்கத் தேவை இராது.

ஊருக்குக் கிழக்கே, ஆற்றுக்கு அப்பால், 8ஆம் நூற்றாண்டில் மெர்சியாவின் அரசன் ஆஃபா எழுப்பிய மண் அரண் செல்கிறது. வரைபடத்தில் அதனைப் பார்க்கும் மாணவர் இரு தேசங்களைப் பிரித்த சுவர் என்று எண்ணக்கூடும். ஆனால் வேல்ஸின் மலைகளில் ஆடும் மாடும் கம்பளியும் உண்டு, தானியம் குறைவு. கிழக்கே ஷ்ராப்ஷயரின் சமவெளியில் தானியமும் பணமும் உண்டு. இவ்விரண்டும் சந்திக்க ஓர் இடம் வேண்டும். செவெர்ன் ஆற்றில் படகு செல்லக்கூடிய மேல் எல்லை வெல்ஷ்பூலை அடுத்த பூல் கீ என்னும் துறை. அங்கிருந்து ஷ்ரூஸ்பரி, குளோஸ்டர் வழியாக பிரிஸ்டல் வரை நீர்வழி இருந்தது. மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடம், படகு வந்து நிற்கும் இடம், எல்லை அரணுக்கு அருகிலுள்ள இடம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த ஊர் சந்தை நகரமானதில் வியப்பில்லை.

2. சந்தை ஓர் ஆயுதம்

13ஆம் நூற்றாண்டில் இப்பகுதி தென் போயிஸ் அரசின் கீழ் இருந்தது. அதன் அரசன் கிரிஃபித் அப் க்வென்வின்வின். அவனுடைய தந்தை நாட்டை இழந்து 1216இல் இறந்தான். மகன் இங்கிலாந்தில் வளர்ந்து, 1241இல்தான் தன் நிலத்தை மீண்டும் பெற்றான். ஷ்ராப்ஷயரின் எல்லைப் பிரபுக் குடும்பமான லெஸ்ட்ரேஞ்ச் குடும்பத்தில் மணம் முடித்தான். 1263ஐ ஒட்டி வெல்ஷ்பூலுக்கு நகரப் பட்டயம் வழங்கியவன் இவனே.

வேல்ஸிலும் அதன் எல்லையிலும் பெரும்பாலான நகரங்கள் நார்மானியரோ ஆங்கில அரசர்களோ நிறுவியவை. கோட்டையைக் கட்டி, அதன் நிழலில் ஆங்கிலேயரைக் குடியேற்றி, வெல்ஷ்காரர் அங்கே வந்துதான் விற்க வேண்டும் என்று விதிப்பது வழக்கம். வெல்ஷ்பூல் அவ்வாறன்று. அது ஒரு வெல்ஷ் அரசன் ஆங்கிலேயரின் கருவியைக் கையில் எடுத்து அமைத்த நகரம். சுங்கம், கடை வாடகை, தண்டத் தொகை ஆகியவை தனக்கே வரவேண்டும் என்பது அவன் கணக்கு.

சந்தைக்கு எவ்வளவு அரசியல் கனம் இருந்தது என்பதற்கு அடுத்த பத்தாண்டில் நிகழ்ந்ததே சான்று. வேல்ஸின் பேரரசனாக உயர்ந்திருந்த லெவெலின் அப் கிரிஃபித் 1273இல் அதே செவெர்ன் பள்ளத்தாக்கில், வெல்ஷ்பூலுக்குத் தெற்கே டோல்ஃபோர்வின் என்னுமிடத்தில் ஒரு புதிய கோட்டையையும் அதனருகே ஓர் ஊரையும் சந்தையையும் அமைக்கத் தொடங்கினான். அது அருகிலிருந்த மாண்ட்கோமரி என்ற அரச நகரின் சந்தைக்கும் கிரிஃபித்தின் சந்தைக்கும் ஒருசேர விடுத்த அறைகூவல். இங்கிலாந்து அரசின் பொறுப்பாளர்கள் தடை ஆணை அனுப்பினர். லெவெலினின் மறுமொழி புகழ்பெற்றது. தன் நிலத்தில் கோட்டை கட்டவும் சந்தை கூட்டவும் தன் முன்னோர் எவரிடமும் இசைவு கேட்டதில்லை. தானும் கேட்கப்போவதில்லை என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் இறையாண்மையைப் பற்றிய வழக்கு, ஒரு சந்தையை வைத்து நடந்தது.

அடுத்த ஆண்டு நாடகம் முற்றியது. கிரிஃபித்தும் லெவெலினின் உடன்பிறந்தவனாகிய டேவிடும் சேர்ந்து 1274 பிப்ரவரியில் லெவெலினைக் கொல்லச் சதி செய்தனர். பனிப்புயல் குறுக்கிட்டுத் திட்டம் குலைந்தது. சதி வெளிப்பட்டபின் லெவெலின் அனுப்பிய தூதரை கிரிஃபித் விருந்தோம்பி, பின் சிறையிலிட்டு, ஷ்ரூஸ்பரிக்குத் தப்பியோடினான். லெவெலின் வெல்ஷ்பூல் கோட்டையை இடித்தான். 1277இல் முதலாம் எட்வர்டு வேல்ஸ் மீது படையெடுத்தபோது கிரிஃபித் அவனோடு திரும்பி வந்தான். டோல்ஃபோர்வின் கோட்டை ரோஜர் மார்ட்டிமரிடம் வீழ்ந்தது. அதன் சந்தை 1279இல் சில மைல் தள்ளி, 'நியூட்டவுன்' என்ற புதிய ஊருக்கு மாற்றப்பட்டது. அந்த நியூட்டவுனை நினைவில் வைத்துக்கொள்க. ஐந்து நூற்றாண்டுக்குப் பின் அது மீண்டும் வரும்.

3. ஹாவிஸ் என்னும் பெண்ணும் அவள் சித்தப்பாமாரும்

1286இல் கிரிஃபித் இறந்தபின் அவன் மூத்த மகன் ஓவைன் தன் பெயரை 'ஓவன் டி லா போல்' என்று மாற்றிக்கொண்டான். 'குளத்தூர் ஓவன்' என்று நாம் மொழிபெயர்க்கலாம். அரசர் பரம்பரையில் பிறந்தவன் ஆங்கில அரசனின் கீழுள்ள பிரபுவாக, ஒரு சந்தை நகரின் பெயரைக் குடும்பப் பெயராகச் சூடினான்.

வெல்ஷ் சட்டப்படி நிலம் மகன்களுக்குச் சமமாகப் பாகம் பிரியும்; மகளுக்கு நிலத்தில் பங்கில்லை. ஆங்கிலச் சட்டப்படி மூத்த மகனுக்கே முழுதும் சேரும். மகன் இல்லையெனில் மகளுக்குச் சேரும். ஓவன் 1293இல் இறந்தான். அவன் மகனும் 1309இல் வயது நிரம்பாமலே இறந்தான். எஞ்சியவள் ஹாவிஸ். பிற்காலத்து வெல்ஷ் மரபு இவளை 'உறுதிமிக்க ஹாவிஸ்' என்று போற்றும். வெல்ஷ் வழக்கப்படி நாடு சித்தப்பாமாருக்கு. ஆங்கில வழக்கப்படி ஹாவிஸுக்கு. இரண்டாம் எட்வர்டு அவளைத் தன் அரண்மனை அலுவலரான ஜான் சார்ல்டனுக்கு மணம் செய்வித்தான். சித்தப்பா கிரிஃபித் 1312இல் கோட்டையை முற்றுகையிட்டும் பயனில்லை. நாடு சார்ல்டன் குடும்பத்தின் வசமாயிற்று.

இந்தப் பங்காளிச் சண்டையை எவ்வாறு வாசிப்பது? பெண்ணுக்கு நிலவுரிமை கிடைத்தது என்று மகிழலாம். அந்த உரிமை ஒரு வெளி அரசன் நாட்டைக் கைக்கொள்ளும் வழியாகவும் அமைந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தைக் கருவியாக்கி நாடுகளைச் சேர்த்துக்கொண்ட டல்ஹௌசியின் காலத்தைப் படித்த இந்திய மாணவருக்கு இது புதிதாகத் தோன்றாது. சூழல் வேறு, ஆனால் எந்தச் சட்டம் செல்லும் என்று தீர்மானிப்பவரே நாட்டைத் தீர்மானிக்கிறார் என்ற பாடம் ஒன்றே.

1400 செப்டம்பரில் ஓவைன் கிளின்டவுர் எழுச்சி தொடங்கியபோது எல்லை நகரங்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டன. அந்த வரிசையில் வெல்ஷ்பூலும் உண்டு. எழுச்சிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டங்கள் வெல்ஷ்காரர் ஆங்கில நகரங்களில் நிலம் வாங்குவதையும் பதவி வகிப்பதையும் தடுத்தன. சந்தைக்கு வரலாம்; நகரத்தாராக இயலாது. 1536 முதல் 1543 வரையிலான இணைப்புச் சட்டங்கள் எல்லைப் பிரபுக்களின் தனி ஆட்சிகளை ஒழித்து மாண்ட்கோமரிஷயர் என்ற மாவட்டத்தை உருவாக்கின. வெல்ஷ்காரருக்குச் சட்டத்தின் முன் சமநிலையும் அளித்தன. அதே சட்டங்கள் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்றும் விதித்தன.

மொழியைப் பொறுத்தவரை இவ்வூருக்கு ஒரு சிறப்பு உண்டு. 1588இல் விவிலியம் முழுவதையும் வெல்ஷ் மொழியில் வெளியிட்ட வில்லியம் மார்கன், 1575 முதல் சில ஆண்டுகள் வெல்ஷ்பூலின் பங்குக் குருவாக இருந்தவர். நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மொழிக்கு வழிபாட்டில் இடம் கிடைத்தது. அந்த மொழிபெயர்ப்பு வெல்ஷ் உரைநடைக்குத் தரம் வகுத்தது என்பதில் அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

4. கம்பளியின் கதை

மாண்ட்கோமரிஷயரின் மலைக் குடியானவர் ஆடு வளர்த்து, வீட்டிலேயே நூற்று, வீட்டிலேயே நெய்தனர். துணி விற்பனைக்கு வரும் இடத்தில்தான் சிக்கல் தொடங்கும். 16ஆம் நூற்றாண்டில் வெல்ஷ் துணியின் முதன்மைச் சந்தை எல்லையோர ஆஸ்வெஸ்ட்ரி. அங்கே வாங்குபவர் பெரும்பாலும் ஷ்ரூஸ்பரியின் துணி வணிகர் சங்கத்தார். 1620களின் தொடக்கத்தில் அவர்கள் ஆஸ்வெஸ்ட்ரிக்குச் செல்வதை நிறுத்தி, சந்தையையே தம் ஊருக்கு இழுத்துக்கொண்டனர். 1624இல் நாடாளுமன்றம் வெல்ஷ் துணி வணிகத்தைத் தடையற்றதாக்கச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தும், கையில் முதல் உள்ளவர் அவர்களே ஆகையால், பிடி நெடுங்காலம் தளரவில்லை. நெய்தவர் வாரக்கணக்கில் காத்திருந்து கொண்டுவந்த துணிக்கு விலை சொல்பவர் வேறு ஒருவர்.

இத்துணி எங்கே சென்றது என்பதுதான் அண்மைக்கால ஆய்வுகள் வெளிக்கொணர்ந்த செய்தி. நடு வேல்ஸில் நெய்த முரட்டுக் கம்பளியில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கைக் கடந்து, மேற்கிந்தியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கருக்கு உடையாயிற்று. 'வெல்ஷ் பிளெய்ன்ஸ்' என்ற பெயர் அங்கே தோட்ட முதலாளிகளின் கணக்கேடுகளில் சாதாரணமாகப் புழங்கிய சொல். மலைக்குடிசையில் தறியில் அமர்ந்திருந்த ஏழை நெசவாளருக்கு அத்தோட்டங்களைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? ஆயினும் அவரது உலை கொதித்தது அந்தத் தேவையால். வெல்ஷ்பூல் தேவாலயத்தில் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு பொருள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆங்கிலேயரின் முகவராக இருந்த ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் அளித்த பொற்கிண்ணம் அது. பொன் கினிக் கரையினது.

இந்தியத் துணிக்கும் இக்கதையில் இடமுண்டு. நம் அச்சுப் பருத்தித் துணிகள் இங்கிலாந்தில் பெருகியபோது கம்பளி, பட்டு உற்பத்தியாளர்கள் கிளர்ந்தனர். 1700ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் இறக்குமதியையும், 1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தியை உடுப்பதையும் தடுத்தன. இரண்டாவது தடை 1774 வரை நீடித்தது. கம்பளி நாட்டைக் காக்கும் பொருட்டு சோழமண்டலக் கரையின் துணி விலக்கப்பட்டது என்று சுருங்கச் சொல்லலாம். அந்தப் பாதுகாப்பு வெல்ஷ் நெசவாளரை நிரந்தரமாகக் காக்கவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷ்ரூஸ்பரியின் பிடி நழுவியது. மெல்லிய ஃபிளானல் துணியின் சந்தையாக வெல்ஷ்பூல் ஓங்கியது. 1794இல் இசைவு பெற்ற மாண்ட்கோமரிஷயர் கால்வாய் 1797க்குள் வெல்ஷ்பூலைக் கடந்து கார்த்மில் வரை எட்டியது. வணிகர் வீடுகள், கிடங்குகள், நகர மண்டபம் என ஊரின் தோற்றமே மாறியது. அதே காலத்தில்தான் ஊருக்கு மேலே குன்றின்மீதிருந்த கோட்டையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது.

5. செங்கோட்டைக்கு வந்த கூடாரம்

போயிஸ் கோட்டை செந்நிற மணற்கல்லால் ஆனது. வெல்ஷ் மொழியில் அதனைச் செங்கோட்டை என்றே அழைத்தனர். 1587இல் எட்வர்டு ஹெர்பர்ட் இதனை வாங்கினார். அவர் வழிவந்தோர் கத்தோலிக்கச் சார்பினர்; 1644இல் உள்நாட்டுப் போரில் கோட்டையை நாடாளுமன்றப் படையிடம் இழந்தனர்; பின் மீண்டு வந்து, 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனோடு பிரான்சுக்குச் சென்றனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பத்தில் பட்டம் இருந்தது, பணம் இல்லை. கோட்டை சிதைந்துகொண்டிருந்தது.

பணம் வேறோர் எல்லைக் குடும்பத்தில் இருந்தது. ராபர்ட் கிளைவ் ஷ்ராப்ஷயரின் சிறு நிலக்கிழார் குடும்பத்தில் 1725இல் பிறந்தவர். பிளாசிக்குப் பின் மீர் ஜாஃபரிடமிருந்து அவர் பெற்ற தொகை 2,34,000 பவுன். பின்னர் வாய்த்த ஜாகிரின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 27,000 பவுன். அப்பணத்தில் அவர் எல்லை மாவட்டங்களில் நிலங்களை வாங்கிக் குவித்தார். பிஷப்ஸ் காசில் போன்ற சிறு நகரங்களின் நாடாளுமன்ற இடங்களைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தார். 1774இல் இறந்தார். போயிஸ் கோட்டைக்கு அவர் உரிமையாளராக இருந்ததில்லை. 1784இல் அவர் மகன் எட்வர்டு கிளைவ், போயிஸ் பிரபுவின் தங்கை ஹென்ரியெட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். வங்காளத்தின் பணமும் வேல்ஸின் பழம்பெருமையும் அத்திருமணத்தில் இணைந்தன. 1801இல் அப்பிரபு மணமாகாமலே இறந்தார். 1804இல் எட்வர்டு கிளைவுக்கு போயிஸ் பிரபு என்ற பட்டம் புதிதாக வழங்கப்பட்டது. மூத்த மகன் 1807இல் கிளைவ் என்ற பெயரை விடுத்து ஹெர்பர்ட் என்ற பெயரை ஏற்றார். கோட்டையின் செப்பனிடும் பணிகளுக்குக் கிளைவின் செல்வம் பயன்பட்டது.

இந்த எட்வர்டு கிளைவ்தான் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர். அந்த ஐந்தாண்டுகளைத் தமிழ் மாணவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அதே ஆண்டு அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை ஒப்பந்தத்தின் பெயரால் பறிக்கப்பட்டது. அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். பெரும் முடிவுகளை எடுத்தவர் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி என்பதும், கிளைவ் அவருக்குப் பணிந்து நடந்தவர் என்பதும் உண்மையே. ஆயினும் ஆணைகள் சென்னை அரசின் பெயரால் வெளிவந்தன. ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியைக் கொண்டாட அவர் காலத்தில் எழுந்த விருந்து மண்டபமே இன்றைய ராஜாஜி மண்டபம். கம்பெனியின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் அதன் வடிவமைப்பாளர்.

ஹென்ரியெட்டா சென்னையில் பாரசீகம் கற்றார்; செடிகளும் கனிமங்களும் சேர்த்தார். 1800இல் தம் இரு மகள்களோடும் இத்தாலிய ஓவியர் அன்னா டோனெல்லியோடும் பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், தஞ்சாவூர் எனத் தென்னிந்தியாவில் ஏழு மாதங்கள் பயணம் செய்தார். அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்த இளைய மகள் சார்லட் எழுதிய நாட்குறிப்பு எஞ்சியுள்ளது. போர் முடிந்து ஓராண்டே ஆன நாட்டைப் பல்லக்கிலிருந்தும் யானை மேலிருந்தும் பார்த்த கண்கள் அவை.

அக்குடும்பம் சேர்த்தவை வெல்ஷ்பூலுக்கு மேலுள்ள குன்றை அடைந்தன. திப்புவின் அரியணையை அணிசெய்த பொற்புலித் தலைகளில் ஒன்று, அவர் வாள், அவருடையவை எனப்படும் காலணிகள், பிளாசிக் களத்தில் சிராஜ் உத் தௌலா விட்டுச் சென்றதாகச் சொல்லப்படும் பல்லக்கு, அச்சிட்ட பருத்தித் துணியாலான திப்புவின் கூடாரம் ஆகியவை அவற்றுள் சில. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கம்பளி வணிகரின் முறையீட்டால் தடுக்கப்பட்ட இந்திய அச்சுத் துணி, இம்முறை போர்க்கொள்ளையாகக் கம்பளிச் சந்தையின் தலைமேல் வந்து இறங்கியது. பின்னாளில் அக்கூடாரம் கோட்டைத் தோட்டத்தில் விருந்துகளுக்குப் பந்தலாக விரிக்கப்பட்டது. பந்தல் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். போர்க்களத்தில் ஓர் அரசன் தங்கிய கூடாரத்தின் கடைசிப் பயன் அதுவாயிற்று.

6. கீழே, நகரத்தில்

கோட்டை செழித்த அதே பத்தாண்டுகளில் நகரின் சந்தை தளர்ந்தது. கால்வாய் 1821க்குள் நியூட்டவுன் வரை நீண்டது. முன்பு துணி வெல்ஷ்பூலுக்கு வந்தே விற்க வேண்டியிருந்தது. இனி அந்தக் கட்டாயம் இல்லை. 1832இல் நியூட்டவுன் தனக்கென ஃபிளானல் சந்தையை நிறுவிக்கொண்டது. 1279இல் மார்ட்டிமர் அமைத்த போட்டிச் சந்தை, கடைசியில் வென்றது. அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. இயந்திரமும் நிலக்கரியும் கொண்ட ராச்டேலின் ஃபிளானல் முன் நடு வேல்ஸின் கைத்தறி நிற்க இயலவில்லை. இந்தியப் பருத்தியைத் தடுத்துக் காத்த தொழிலை லங்காஷயரின் ஆலைகள் வீழ்த்தின. கைத்தறி நெசவாளரின் அழிவு என்றால் வங்காளத்தையும் தமிழகத்தையும் மட்டும் நினைக்கப் பழகியிருக்கிறோம். பிரிட்டனுக்குள்ளேயே அது நிகழ்ந்த ஊர்கள் இவை. இரண்டும் ஒன்றல்ல: இங்கே ஆட்சியதிகாரம் வணிகத்தின் பின்னே நின்றது, சுங்கம் நெசவாளருக்கு எதிராக வகுக்கப்பட்டது. வேறுபாட்டை மறவாமல் ஒப்பிடுவதே பயன் தரும்.

வேலையும் கூலியும் குறைந்த நெசவாளர் சாசன இயக்கத்தில் சேர்ந்தனர். 1839 ஏப்ரல் இறுதியில் அருகிலுள்ள லானிட்லோஸ் ஊரைச் சில நாட்கள் தம் கைக்குள் வைத்திருந்தனர். மாண்ட்கோமரிஷயரில் அரசரின் பிரதிநிதியாக அப்போது பொறுப்பு வகித்தவர் எட்வர்டு கிளைவின் மகன், ராபர்ட் கிளைவின் பேரன். படை வந்து எழுச்சியை அடக்கியது. அந்த ஜூலையில் வெல்ஷ்பூலில் கூடிய நீதிமன்றம் சிலரை நாடு கடத்தியது, பலரைச் சிறையிலிட்டது. இதற்கிடையே மே 16இல், ஒருகாலத்தில் சென்னையை ஆண்ட முதியவர் எட்வர்டு கிளைவ் காலமானார். கயத்தாற்றின் தண்டனையையும் லானிட்லோஸின் தண்டனையையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை. இரண்டையும் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறை நிர்வாகத்தில் காண முடிகிறது என்று மட்டும் சுட்டுகிறேன். இலண்டனில் அமர்ந்து படிப்பவருக்கு இத்தொடர்பு தெரியாது. சிற்றூரிலிருந்து படித்தால் தெரிகிறது.

அதன் பிறகான கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1860இல் இருப்புப்பாதை வந்தது. துணி போனாலும் ஆடும் மாடும் இருந்தன. கால்நடைச் சந்தை ஊரைத் தாங்கிற்று. மலையூர்களை இணைத்த குறும்பாதை இரயில் 1903இல் தொடங்கி, 1956இல் நின்று, ஆர்வலர் முயற்சியால் 1963இல் மீண்டும் ஓடியது. 1944இல் கைவிடப்பட்ட கால்வாயின் தடத்தில் புறவழிச்சாலை அமைக்கத் திட்டம் வந்தபோது, 1969இல் தன்னார்வலர் கூடி மண்வெட்டியோடு அதனைத் தூர்வாரினர், கால்வாய் பிழைத்தது. இன்றும் திங்கட்கிழமைகளில் கூடும் அவ்வூரின் ஆட்டுச் சந்தை ஐரோப்பாவின் மிகப் பெரிய ஒருநாள் ஆட்டுச் சந்தைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

7. எஞ்சும் வினா

கோட்டை 1952இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. 1987இல் அங்கே கிளைவ் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசியப் பொருள்கள் அந்தத் தொகுப்பில் உள்ளன. 2020 செப்டம்பரில் அந்த அமைப்பு தன் மாளிகைகளுக்கும் காலனியத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் உள்ள தொடர்பைப் பட்டியலிட்டு அறிக்கை வெளியிட்டபோது போயிஸ் கோட்டையும் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஷ்ரூஸ்பரியின் சதுக்கத்திலுள்ள கிளைவ் சிலையை அகற்றக் கோரிக்கை எழுந்தது. சிலை நீடிக்கட்டும் என்று மாவட்ட மன்றம் முடிவு செய்தது.

பொருள்களைத் திருப்பித் தரவேண்டுமா என்ற வினாவுக்கு என் விடை, தரவேண்டும் என்பதே. யாரிடம், எவ்வழியில் என்பது தனியே ஆராய வேண்டியது. ஆனால் அந்த விவாதத்தில் வெல்ஷ்பூல்காரரை வெறும் பயனாளிகளாக எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர்களுடைய முன்னோர் தம் மொழியில் வழக்காட முடியாதவர்கள். தாம் நெய்த துணிக்கு விலை சொல்ல முடியாதவர்கள். அதே முன்னோர் அடிமைகளின் உடையை நெய்து வாழ்ந்தவர்கள். கோட்டையின் செலவுகளால் ஓரளவு பிழைத்தவர்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருசேர எழுதப் பழகினால்தான் பேரரசின் வரலாறு நமக்குக் கைவரும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளைவ் குடும்பத்தின் ஆவணங்களில் பெரும் பகுதி அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அதே ஆண்டுகளின் அரசு நடவடிக்கைப் பதிவுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. முன்னவற்றை வேல்ஸின் எஸ்டேட் வரலாறு எழுதுவோர் படிக்கின்றனர். பின்னவற்றைப் பாளையக்காரர் வரலாறு எழுதுவோர் படிக்கின்றனர். 1798 முதல் 1803 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மட்டுமேனும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் முன்வரலாம். எழும்பூரின் பதிவுகளில் ஒரு பாளையத்தின் முடிவு இருக்கும் அதே மாதத்தில், வேல்ஸுக்குச் செல்லும் கடிதத்தில் கோட்டைக் கூரையைச் செப்பனிடுவது பற்றிய வரி இருக்கக்கூடும். அவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் ஆய்வேட்டை வாசிக்கக் காத்திருக்கிறேன்.

 திருத்தங்களையும் மாற்றுக் கருத்துகளையும் நண்பர்கள் கீழே எழுதுக.